நாளையும் வரத் தோன்ற வேண்டும்

என்னிடம் வந்த கேள்வி இது: "கொழிஞ்சாம்பாறையில் வீடு, கோவையில் வேலை. வயது 39. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் ஜிம்மில் ஓர் ஆண்டுக்குப் பணம் கட்டினேன். மூன்று வாரம் போனேன். பிறகு விடியற்காலையில் ஓடிப் பார்த்தேன். அது இரண்டு வாரத்தில் நின்றது. பழைய சைக்கிள் ஒன்று வீட்டில் சும்மா நிற்கிறது. உடற்பயிற்சி என்றாலே தண்டனை போல் இருக்கிறது. எனக்கு மன உறுதி இல்லையா? இதை விரும்பிச் செய்ய ஏதாவது வழி உண்டா?"

தம்பி, 'தண்டனை' என்ற சொல்லைப் படித்ததும் சற்று நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். அந்தச் சொல்லை உங்கள் தலைமுறையின் மனத்தில் விதைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. தாமதமாக வந்தால் மைதானத்தை மூன்று சுற்று ஓடு. சீருடை சரியில்லையா, ஐந்து சுற்று. வீட்டுப்பாடம் எழுதாத பையன்களை வகுப்பாசிரியர்கள் என்னிடம் அனுப்பிவைப்பார்கள், தோப்புக்கரணம் போட வைப்பதற்கு. அதை ஒழுக்கம் என்று மனதார நம்பினேன்.

ஓய்வுபெற்று இரண்டு ஆண்டு கழித்து மீனாட்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பழைய மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பதைத் தொட்டிருப்பார். இலையில் விழுந்த சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, பொரியலையும் கூட்டையும் மட்டும் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரையா என்று கேட்டேன். ஆமாம் என்றார். தினமும் நடக்கலாமே என்றேன். அவர் கையை இலையிலிருந்து எடுக்காமல், என் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "சார், இன்றைக்கும் ஒரு மைதானத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது." அவரை நான் எத்தனை முறை ஓடவிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது.

அன்றிலிருந்துதான் இதைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததிலும், அதன்பின் எங்கள் ஊர் வாய்க்கால் மேட்டில் பலரோடு நடந்ததிலும் எனக்கு விளங்கிய ஒன்றைத்தான் இந்தப் பதில் முழுவதும் சொல்லப்போகிறேன். இன்றைய பயிற்சி நன்றாக அமைந்ததா என்பதற்கு ஒரே அளவுகோல், நாளைக்கும் வர வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதுதான். வியர்வையும் கிலோமீட்டரும் எரிந்த கலோரியும் அதற்குப் பிறகுதான்.

உங்கள் மன உறுதியில் குறை எதுவும் இல்லை. கோவைக்குத் தினமும் பஸ்ஸில் போய்த் திரும்பும் மனிதருக்கு அது இல்லாமலா இருக்கும்? ஒவ்வொரு நாளும் வலியிலும் மூச்சிரைப்பிலும் முடிந்த ஒன்றை உங்கள் உடம்பு மறுத்தது. உடம்பு செய்தது சரி. திட்டத்தில்தான் பிழை.

ஜிம்மில் உங்கள் முதல் நாள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ட்ரெட்மில்லில் ஏற்றி வேகத்தைக் கூட்டியிருப்பார்கள். மறுநாள் படியில் இறங்கும்போது தொடை கெஞ்சியிருக்கும். பான்டெலெய்மோன் எக்கெகாக்கிஸ் என்ற உடற்பயிற்சி உளவியலாளர் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்துவருகிறார். ஒரு குறிப்பிட்ட தீவிரம் வரை பெரும்பாலானவர்களுக்கு உடற்பயிற்சி இதமாகவே இருக்கிறது. மூச்சு திடீரென்று வேகமெடுக்கும் அந்த எல்லையைத் தாண்டியதும் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த இதம் சரியத் தொடங்குகிறது. அந்த எல்லை உங்களுக்கு எங்கே இருக்கிறது என்று அறியக் கருவி தேவையில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. பேச்சு துண்டு துண்டாக உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள். பாட்டே வருகிறதென்றால் கொஞ்சம் கூட்டுங்கள். பல மாதம் படுத்திருந்த உடம்புக்கு வேகமான நடையே அந்த எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். அந்த உடம்பை எடுத்தவுடன் ஓடவிட்டதால்தான் இரண்டாவது வாரத்தில் அது நின்றுவிட்டது.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். ஒரு மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையை அதில் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். உங்களைப் போல் நேரம் துண்டு துண்டாகவே கிடைக்கும் ஆளுக்கு இது பெரிய செய்தி.

இனி, பயிற்சியை எப்படி முடிப்பது என்பது. பள்ளியில் நான் செய்த தவறுகளில் மிகப் பெரியது இதில்தான். எல்லாப் பயிற்சியின் முடிவிலும் கடைசிச் சுற்றை உயிரைக் கொடுத்து ஓட வைப்பேன். பையன்கள் முழங்காலில் கை ஊன்றி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். 2016இல் வெளியான ஒரு ஆய்வில் இரண்டு குழுவினரை 15 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு குழுவுக்குச் சுலபமாகத் தொடங்கிக் கடினமாக முடிந்தது. மற்றக் குழுவுக்குக் கடினமாகத் தொடங்கிப் படிப்படியாக இலகுவாகி முடிந்தது. உழைப்பு ஒன்றுதான். ஆனால் இலகுவாக முடித்தவர்கள் அதை இனிமையானதாக நினைவில் வைத்திருந்தார்கள். இன்னொரு முறை செய்தாலும் இனிமையாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார்கள். மனம் ஓர் அனுபவத்தைப் பெரிதும் அதன் கடைசிப் பகுதியை வைத்தே எடைபோடுகிறது. மாணவர்களின் நினைவில் மிகக் கசப்பான கடைசி வாயை ஊட்டி அனுப்பியவன் நான்.

அதனால் உங்கள் நடையின் கடைசி ஐந்து நிமிடத்தை வேண்டுமென்றே மெதுவாக்குங்கள். காலுக்கு அது ஓய்வு, மனத்துக்கு அதுதான் பயிற்சியே. இன்னும் பத்து நிமிடம் நடக்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்போது நிறுத்துங்கள். பசியோடு எழுந்திருப்பவனுக்கு அடுத்த வேளைச் சோறு ருசிக்கும்.

முடிவைப் போலவே தொடக்கமும் ஏமாற்றும், ஆனால் வேறு விதமாக. காலை 5.40க்கு அலாரம் அடிக்கும்போது உங்கள் மனம் முழு நடையையும் கணக்கில் எடுப்பதில்லை. போர்வையை விலக்கும் அந்த இரண்டு நிமிடத்தையும், கால் விறைத்திருக்கும் முதல் நூறு அடியையும் மட்டும் பார்த்து வேண்டாம் என்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சோதித்துச் சொன்னார்கள்: உடற்பயிற்சி எவ்வளவு பிடிக்கப்போகிறது என்பதை மக்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார்கள். காரணம், தொடங்கும்போது இருக்கும் சிரமமே கண்ணை மறைக்கிறது. வாய்க்கால் மேட்டில் நான் தினமும் காண்பதும் இதுதான். முதல் பாலம் வரை யாரும் பேச மாட்டார்கள். வாய் திறந்தால் குறை வரும், நேற்றைய தூக்கம், முழங்கால், மருமகள். பாலம் தாண்டியதும் யாராவது தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். பனைமரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை ஒருவர் காட்டுவார். இரண்டாவது பாலத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஆட்களும் பாதையும் மாறவில்லை, இடையில் கழிந்தது பத்து நிமிடம். எனவே காலையில் உங்களோடு நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் முதல் பாலம் வரைக்கும் மட்டும் இருக்கட்டும். அங்கே போயும் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம், எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம். நான் பார்த்தவரையில் அப்படித் திரும்பியவர்கள் மிகச் சிலர்.

என் பழைய மாணவரைப் பற்றிச் சொன்னேனே, அவரும் இப்போது எங்களோடு வருகிறார். முதலில் நடக்க வரவில்லை. நடந்து முடித்து நாங்கள் டீக்கடையில் உட்காரும்போது மட்டும் வந்து சேர்வார், பாலும் சர்க்கரையும் போடாத ஒரு கட்டன் சாயா குடிப்பார், ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து இரண்டாவது பாலத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். பிறகு முதல் பாலத்தில். இன்றுவரை அவர் ஓடவில்லை. ஓடச் சொல்லவும் மாட்டேன்.

துணை என்பது இதைத்தான் செய்கிறது. மலப்புறம் மாவட்டத்தில் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் தொடங்கிய 'மெக் 7' என்ற காலைப் பயிற்சி கேரளத்தில் எப்படிப் பரவியது என்று பார்த்திருப்பீர்கள். கட்டணம் இல்லை, கருவி இல்லை, இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். வயதானவர்கள்கூட வரிசையாக நின்று கைதட்டிச் செய்கிறார்கள். அந்தப் பயிற்சிகளில் புதிதாக ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கும் இடத்துக்கு நாமும் போய் நிற்கிறோம் என்பதுதான் அதில் உள்ள மருந்து.

துணையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 1920களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பெர்லினில் படகோட்டும் சங்கத்தினரை வைத்துப் பார்த்தார். இருவரைச் சேர்த்துப் பாரம் தூக்க விட்டபோது, பலம் குறைந்தவர் தனியாக இருந்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவரின் பலத்துக்கும் இடையே மிதமான வித்தியாசம் இருந்தபோதுதான் இது நன்றாக நடந்தது. உங்களைவிடக் கொஞ்சம் மட்டும் நன்றாக நடப்பவரைப் பிடியுங்கள். மாரத்தான் ஓடும் மச்சானோடு போகாதீர்கள்.

ஆள் கிடைக்காத நாளுக்கு இன்னொரு வழி. உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றை, கேட்காமல் இருக்க முடியாத ஒன்றை, நடக்கும்போது மட்டும் என்று ஒதுக்கிவையுங்கள். கேத்ரின் மில்க்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான ஒலிநாவல்களை ஜிம்மில் மட்டுமே கேட்கலாம் என்று கட்டுப்பாடு வைத்தபோது, அந்தக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் ஆரம்பத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தார்கள். நடுவில் ஒரு விடுமுறை வந்தது, பலன் தேய்ந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். கதை உங்களைத் தெருவுக்கு இழுத்து வரும். விடுமுறைக்குப் பிறகு மறுபடி தொடங்குவதை நீங்கள்தான் செய்ய வேண்டும். சாலையோரத்தில் நடப்பதானால் ஒரு காதைத் திறந்து வையுங்கள். நம் பக்கத்தில் விடியக்கருக்கலில் செங்கல் லாரிகள் வரும் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல.

மறுபடி தொடங்குவது என்றேன். உண்மையில் உங்கள் கேள்விக்கு அடியில் இருப்பது இதுதான். மூன்று வாரம் போனேன், பிறகு நின்றுவிட்டது என்கிறீர்கள். எப்படி நின்றது? ஒரு நாள் காய்ச்சல், மறுநாள் அலுவலகத்தில் தாமதம், மூன்றாம் நாள் 'இனி என்ன' என்ற எண்ணம். சரிதானே? இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற பேச்சை நம்பி, அதற்குள் ஒரு நாள் விட்டாலும் எல்லாம் பாழ் என்று நினைத்துவிடுகிறோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் விட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மூன்று வாரத்தில் பழக்கமாகவில்லையே என்று நீங்கள் நொந்துகொண்டது, நாற்று நட்ட மூன்றாம் வாரம் கதிர் வரவில்லையே என்று வயலை விட்டுப் போவது போன்றது.

இதே மில்க்மன் குழு 2021இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. ஓர் அமெரிக்க ஜிம் நிறுவனத்தின் 61 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் ஊக்கம் தரும் 54 திட்டங்களை ஒரே காலத்தில் சோதித்தார்கள். முதலிடத்தில் வந்த திட்டம் எது தெரியுமா? ஒரு நாள் வராமல் விட்டவர் மறுபடி வந்தால் அவருக்குக் கூடுதலாகச் சில காசு மதிப்புள்ள புள்ளி கொடுத்தது. அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்தோம். விட்டுவிட்டு வருபவரிடம் "ஏன் வரவில்லை?" என்று யாரும் கேட்கக் கூடாது. அன்றைக்கு அவருடைய டீக்குக் காசு மற்றவர்கள் கொடுப்பார்கள். நீங்கள் தனியாக நடப்பவரானால், இடைவெளி விட்டுத் திரும்பும் நாளைப் பாதி தூரமாக்கிக்கொள்ளுங்கள். பாக்கியை வட்டியோடு அடைக்க வேண்டியதில்லை.

எண்களைத் துரத்தாதீர்கள். பத்தாயிரம் அடி என்பது மருத்துவம் கண்டுபிடித்த அளவல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு, 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அங்கிருந்து வந்தது. எண்ணிக்கை பார்ப்பது உங்களுக்கு உற்சாகம் தந்தால் பாருங்கள். தராவிட்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடங்கள்.

உங்கள் நாளுக்குள் இதை எங்கே வைப்பது? காலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் போதும். கோவையில் பஸ் உக்கடத்தில் நிற்கிறது அல்லவா? அலுவலகம் டவுன்ஹால் பக்கம் இருந்தால் அங்கிருந்து நடந்தே போய்விடலாம். மாலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் உக்கடம் பெரியகுளக் கரையில் நடைபாதை இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம். உங்கள் சர்க்கரைக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் அது ஏறும் நேரத்தில் நடந்தால் அந்த ஏற்றம் மட்டுப்படும். வலுவூட்டும் பயிற்சிக்கு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடிக்காமல் எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இவை வாரம் இரண்டு நாள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் நின்றுவிடுங்கள், டாக்டரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கியிருந்தால் புதுப் பயிற்சியைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நம் ஊரின் பருவத்தோடு சண்டை போடாதீர்கள். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். ஏழு மணிக்குள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் நடையை விட்டு ஷட்டில் ஆடப் போகலாம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் உள்ளரங்கு மைதானங்கள் இப்போது சிறு ஊர்களுக்கும் வந்துவிட்டன. விளையாட்டில் ஒரு பெரிய சௌகரியம், உடற்பயிற்சி செய்கிறோம் என்பதே மறந்துபோகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பாலக்காட்டுக்குப் போய், 1766இல் ஹைதர் அலி கட்டுவித்த கோட்டையைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். அகழியோரம் காலை நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பார்த்தாலே கால் தானாக நகரும்.

கடைசியாக அந்தச் சைக்கிள். காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் போட்டு வையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த வாசல். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று அதன் வழியாகப் பாய்கிறது. இந்த ஆடியில் கிளம்பினால் முதலில் மேற்கே, சித்தூர்ப் பக்கம் மிதியுங்கள். முகத்தில் காற்று அறையும், வேகம் வராது, தொடை உழைக்கும். பதினைந்து நிமிடத்தில் வண்டியைத் திருப்புங்கள். அதன்பின் காற்று உங்கள் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். மிதிக்காமலே பாதி தூரம் உருளலாம். வீட்டு வாசலில் இறங்கும்போது இன்னொரு சுற்றுப் போகலாமா என்று இருக்கும். போகாதீர்கள். மார்கழி பிறந்ததும் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது கிழக்கே, கோபாலபுரம் பக்கமாகக் கிளம்புங்கள்.